மே முடிந்த பிறகும் மைதானம் இருக்கிறது

சேப்பாக்கத்துக்கு மஞ்சள் சட்டையில் வரும் தம்பி தங்கைகளுக்கு,



ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் நடுவே உட்கார்ந்து தொண்டை கட்டிக்கொள்பவர்களில் நானும் ஒருவன். மெட்ரோவில் வந்து அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, வாலாஜா சாலையில் கன்னத்துக்குச் சாயம் பூசுகிறவரிடம் பேரம் பேசி, தண்ணீர் பாட்டிலை வாசலில் பறிகொடுத்து உள்ளே நுழையும் அந்தப் பரபரப்பு எனக்கும் பிடிக்கும். எனவே ஐபிஎல்லைத் திட்டும் பெரிசு ஒருவரின் புலம்பல் இது என்று நினைத்துப் பாதியில் மூடிவிட வேண்டாம். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மே மாதம் முடிந்ததும் நீங்கள் எல்லோரும் எங்கே போய்விடுகிறீர்கள்?

அணி கலைந்துவிடுகிறது, சரி. வீரர்கள் அவரவர் ஊருக்கும் நாட்டுக்கும் விமானம் ஏறிவிடுகிறார்கள். மைதானம் எங்கும் போகவில்லையே.

உங்கள் ஊக்கத்தைப் பற்றி எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டபோது, ‘விசில்போடு எக்ஸ்பிரஸ்’ என்று தனி ரயிலிலேயே பின்னால் போனவர்கள் நீங்கள். 2025இல் அணி முதன்முறையாகப் பட்டியலின் கடைசிக்குச் சரிந்தபோதும் இருக்கைகளைக் காலியாக விடாதவர்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய் ஆட்டம் பார்த்தவருக்கு நத்தம் மைதானம் தூரமா? வாழப்பாடி தூரமா? மாம்பலத்தில் இருப்பவருக்கு வேளச்சேரி தூரமா?

எனக்கு இருக்கும் கிறுக்கு இதுதான். எந்த ஊருக்குப் போனாலும், கல்யாணமோ காரியமோ, அங்கே மைதானம் எங்கே என்று விசாரித்துவிடுவேன். ஆட்டம் நடந்தால் பந்தியைத் தவறவிட்டாவது ஒரு மணி நேரம் பார்ப்பேன். நடக்காவிட்டாலும் எல்லைக்கோட்டை ஒட்டி ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன். ‘வெறும் புல்லைப் பார்க்க ஒரு மனுஷன் போவானா?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். இதில் நான் தனியாள் இல்லை. இங்கிலாந்தில் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் 92 அணிகளுடைய மைதானங்கள் அத்தனையிலும் ஆட்டம் பார்த்து முடித்தவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. மழையில் நனைந்துகொண்டு, நாலாம் டிவிஷன் அணியின் தகரக் கூரைக்குக் கீழே நின்று, கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்புகிற மனிதர்கள். அவர்கள் ஊரில் இதற்கு மரியாதை உண்டு. நம் ஊரில் வேலையற்றவன் என்று பெயர்.

சேப்பாக்கத்தில் சுமார் 38,000 பேர் உட்காரலாம். அவ்வளவு பேர் ஒன்றாகக் கத்தும்போது கிடைக்கும் சிலிர்ப்பை எந்தச் சின்ன மைதானமும் தராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே நாம் பார்ப்பது பாதி ஆட்டம், மீதிப் பாதி நம்மையேதான். பெரிய திரையில் நம் முகம் வருகிறதா என்று ஒரு கண் எப்போதும் அங்கேயே இருக்கிறது. தோனி இறங்க வேண்டும் என்பதற்காக நம் அணியின் விக்கெட் விழுந்ததும் கைதட்டியிருக்கிறோம். அவுட்டாகித் தலைகுனிந்து வந்தவர் ஜடேஜாவாக இருந்தபோதும்கூட. கிரிக்கெட் வரலாற்றில் தாங்கள் அவுட்டானதற்குத் தங்கள் ஊரிலேயே ஆரவாரம் கேட்டவர்கள் வேறு யாராவது இருப்பார்களா, தெரியவில்லை. அந்த அன்பு புரிகிறது. ஆட்டத்தைப் பார்க்கும் கண் அதற்குள் எங்கோ தொலைந்துபோகிறது என்பதும் புரிகிறது.

சின்ன மைதானத்தில் அந்தக் கண் திரும்பக் கிடைக்கும். வேளச்சேரி குருநானக் கல்லூரி மைதானத்திலோ, கடற்கரைச் சாலையை ஒட்டிய மெரினா மைதானத்திலோ சென்னை லீக் ஆட்டம் ஒன்று நடக்கும்போது போய் மர நிழலாகப் பார்த்து உட்காருங்கள். முதலில் வருவது சத்தம். மட்டையின் நடுவில் பட்ட பந்துக்கு ஒரு சத்தம், விளிம்பில் உரசிய பந்துக்கு ஒரு சத்தம், கால்காப்பில் பட்டதற்கு வேறொன்று. தொலைக்காட்சியில் கேட்பது ஸ்டம்ப் மைக்கின் சத்தம். இது அறுபது எழுபது கெஜம் காற்றில் வருவது. கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டே பந்து எங்கே பட்டது என்று சொல்லிவிடலாம். அடுத்தது பேச்சு. விக்கெட் கீப்பரின் வாய் நாள் முழுக்க மூடாது. பந்து வீசுபவரைத் தூண்டுவது, மட்டையாளரைச் சீண்டுவது, ஸ்லிப்பில் நிற்பவரிடம் மதியச் சாப்பாடு என்ன என்று கேட்பது எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். ஃபீல்டர் ஒருவர் உங்களுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, ‘அண்ணே, அந்தப் பக்கம் உருண்டுபோன பந்தைக் கொஞ்சம் எடுத்துப் போடுங்க’ என்பார். எடுத்துப் போட்டவுடன் நீங்களும் ஆட்டத்தில் சேர்ந்தாயிற்று.

ஸ்கோரர் பக்கத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். பெஞ்சு, நீளமான நோட்டு, இரண்டு மூன்று நிறத்தில் பேனா. அவரிடம் பேச்சுக் கொடுக்க ஓவர் முடிகிற இடைவெளி மட்டுந்தான் வாய்க்கும். அந்த அரை நிமிடத்தில், இந்தப் பையன் எந்த அகாடமி, போன வாரம் எத்தனை அடித்தான், மாநில அணிக்கு அவன் பெயர் ஏன் போகவில்லை என்பதுவரை வந்துவிடும். கடைசிக் கேள்விக்கான பதிலை அச்சில் எழுத முடியாது. நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அணிக்கே வருகிறேன். சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு சீசனும் மஞ்சள் சட்டையில் இருந்தார். ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. ஜெகதீசன் பல சீசன்கள் இருந்தும் பெரும்பாலும் பெஞ்சில்தான். இருவரும் தமிழ்நாட்டுக்கு ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் 2024 தொடக்கத்தில் கோயம்புத்தூர் போயிருக்க வேண்டும். ஜனவரியில் ராமகிருஷ்ணா கலைக் கல்லூரி மைதானத்தில் சண்டிகருக்கு எதிராக ஜெகதீசன் 321 ரன் அடித்தார். பிப்ரவரியில் கோவையிலேயே ரஞ்சிக் காலிறுதி. எதிரே நடப்பு சாம்பியன் சௌராஷ்டிரா. கேப்டன் சாய் கிஷோர் முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்து, முன்வரிசையில் இறங்கி அரைசதமும் அடிக்க, தமிழ்நாடு இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. மாநில அணி ரஞ்சிக் கோப்பையை வென்றது இரண்டே முறை: 1954-55இல் ஒன்று, 1987-88இல் ஒன்று. மூன்றாவது வரும் வருடம் அந்த மைதானத்தில் இருக்கப்போவது யார்? நியாயமாகப் பார்த்தால் நீங்கள்தான் இருக்க வேண்டும்.

நத்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016இல் டிஎன்பிஎல் என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது சென்னைக்கு வெளியே கிடைத்த இரண்டு மைதானங்களில் ஒன்று நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானம். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். மைதானத்துக்குப் பின்னாலேயே மலை. சிக்ஸர் ஒன்று உயரே போகும்போது பந்தைப் பார்ப்பதா மலையைப் பார்ப்பதா என்று குழப்பம் வரும். சேலத்து மைதானம் வாழப்பாடிப் பக்கம் வயல்வெளிக்கு நடுவில் இருக்கிறது. அந்த மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் நடராஜன் தன் சொந்த முயற்சியில் ஒரு மைதானத்தையே அமைத்து 2023இல் திறந்தார். டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகி, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகித் திரும்பிய மனிதர், ஊருக்குத் திரும்பிச் செய்த வேலை அது.

ஆனால் உங்களுக்கு முதலில் பரிந்துரைப்பது திருநெல்வேலிக்கு அருகே உள்ள சங்கர் நகரை. தாழையூத்தில் ரயில் பாதையை ஒட்டி சிமெண்ட் ஆலை, அதன் குடியிருப்பு, அதற்குள் ஒரு கிரிக்கெட் மைதானம். இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949இல் உற்பத்தியைத் தொடங்கியது அங்கேதான். 2008இல் சென்னை அணியை ஏலத்தில் எடுத்த அதே நிறுவனம். ஆக, மஞ்சள் சட்டையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் போய்ச் சேருகிற இடம் சேப்பாக்கம் இல்லை, தாழையூத்து. குலதெய்வக் கோயிலுக்கு வருடம் ஒரு முறை போவதுபோல அங்கே போய்வரலாம் என்பது என் கட்சி.

பெரிய மைதானத்தின் அருமையும் சின்ன மைதானம் பார்த்த பிறகுதான் தெரிகிறது. சேப்பாக்கத்தில் நாம் விசில் அடிக்கிற அதே தரையில், 1934 நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. சென்னைக்கும் மைசூருக்கும். முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். மைசூர் 48க்கும் 59க்கும் சுருண்டது, சென்னை 130. ராம் சிங் பதினொரு விக்கெட் எடுத்தார். ஒரே நாளில் முடிந்துபோனது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி, 1952 பிப்ரவரியில், இங்கிலாந்துக்கு எதிராக, வினூ மன்காட் பன்னிரண்டு விக்கெட் எடுக்க, இதே இடத்தில்தான். 1986இல் ஆஸ்திரேலியாவுடன் டை. 1999இல் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோல்வி. வெற்றிக்கு இன்னும் 17 ரன் இருக்கும்போது, முதுகு வலியோடு 136 அடித்திருந்த சச்சின் அவுட்டாக, அடுத்த நாலு ரன்னுக்குள் எல்லாம் முடிந்தது. அன்று எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியதே ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் உலகம் இன்றும் பேசுகிறது. அவர்களில் பலர் லீக் ஆட்டங்களைத் தேடிப் போய்ப் பார்த்துப் பழகியவர்கள் என்பது என் ஊகம். ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கிற பழக்கம் ஒரே நாளில் வந்துவிடாது.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தைக் கால்பந்து மைதானம் என்றுதானே நினைக்கிறீர்கள்? இன்றைய கட்டடம் 1993இல் வந்தது. அதற்கு முன் அங்கே இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் டெஸ்ட் ஆட்டங்களே நடந்திருக்கின்றன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக மன்காடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். ஐம்பத்திரண்டு வருடம் எவராலும் தொட முடியாத உலக சாதனை. அது நடந்த இடத்தில் இப்போது ஓடுதளமும் கோல் கம்பமும். எனக்கு அங்கே கால்பந்து பார்க்கப் பிடிக்கும். பார்க்கும்போது ஆடுகளம் எந்தத் திசையில் கிடந்திருக்கும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

மண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடலுக்கே அர்த்தமில்லை. சேப்பாக்கத்தில் செம்மண் பிட்ச்சும் உண்டு, கரிசல் மண் பிட்ச்சும் உண்டு. எதில் ஆட்டம் என்பதைப் பொறுத்து பந்தின் எகிறல் மாறும், சுழல் மாறும். மதியத்துக்கு மேல் கடல் காற்று உள்ளே வந்தால் வேறு கதை. லார்ட்ஸில் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் இடையே எட்டடி அளவுக்குச் சரிவு இருக்கிறது, அதைத் தெரிந்து பந்து போடுவதே தனிக் கலை. நம் மாவட்டங்களில் பல இடங்களில் இன்னும் கயிற்றுப் பாய் விரித்து, ஆணி அடித்து ஆடுகிறார்கள். மேட்டிங்கில் பந்து பட்டு எழும்புவதை அருகிலிருந்து பார்த்தவருக்கு, அதில் ஆடிப் பழகிய பையனின் பின்னங்கால் ஆட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கிவிடும். பதினோரு பேரும் பதினோரு பேரும் ஆடுவதாகச் சொல்கிறார்கள். மைதானமும் ஆடுகிறது. கேமராவில் எல்லா மைதானமும் ஒரே பச்சைதான்.

கிரிக்கெட்டோடு நின்றுவிடவும் வேண்டாம். முதல் பந்து வீசினாரே கோபாலன், அவர் ஹாக்கியும் ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போவதா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற நிலையில் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. அவருக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூட கிடைக்கவில்லை. எனவே ஹாக்கிக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்லி உங்களைக் கோவில்பட்டிக்கு அழைக்கிறேன். கிருஷ்ணா நகர் செயற்கைப் புல் மைதானம். கோடையில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது, கடை அடைத்துவிட்டு வந்து உட்காருகிற வியாபாரிகளைப் பார்க்கலாம். பெனால்ட்டி கார்னரில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று பக்கத்து இருக்கைப் பாட்டி சொல்வார். மாரீஸ்வரனும் கார்த்தியும் இந்திய ஹாக்கி அணிக்கு ஆடப் போனது அந்த ஊரில் பழகித்தான். கடலை மிட்டாய் வாங்காமல் வராதீர்கள்.

சுவரொட்டியில் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று கண்டால் வண்டியை நிறுத்துங்கள். இரவு பத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். விடியும்வரை போகும். மைக் பிடித்தவரின் வர்ணனைக்காகவே போகலாம், தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் துணைக் கேப்டனாக இருந்தவர் சென்னைக் கண்ணகி நகரில் ஆடிப் பழகியவர். அந்த ஆடுகளத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ‘லப்பர் பந்து’ படத்துக்குத் தியேட்டரில் கைதட்டினோம். அப்படி ஒரு கிரிக்கெட் டோர்னமெண்ட் ஞாயிற்றுக்கிழமை நம் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டுதான் இருக்கிறது. வியாசர்பாடிக் கால்பந்து பற்றி எழுதத் தொடங்கினால் தனி மடல் ஆகிவிடும், விடுகிறேன்.

கடல் தாண்டிய ஆசை ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் 1904இலிருந்து நடந்துவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் பழைய மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். மார்ச் மாதம். நீங்கள் யாராவது போவதாக இருந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமாகாது. தங்கைகளே, இந்த மடலை நீங்கள் எரிச்சலோடு படிப்பீர்கள் என்று தெரியும். சின்ன மைதானங்கள் பலவற்றில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. இருக்கிற இடத்தில் பூட்டு, சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. என் வீட்டுப் பெண்களை அழைத்துப்போய் அரை நாளில் திரும்பிய அனுபவம் உண்டு. நிழலும் குடிநீரும் அநேக இடங்களில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பெண்கள் விளையாட்டுப் பார்க்க வருவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் அந்தப் பூட்டை ஒரு முறை போய்ப் பார்க்கட்டும். சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்து 2023இல்தான் ஒழுங்காகத் திறந்தன; அதற்கு எத்தனை தலையங்கம், எத்தனை வழக்கு! கழிப்பறைப் பூட்டுக்கு ஒரு வரிச் செய்திகூட வருவதில்லை. பார்வையாளர் நாலு பேர் வரும் இடத்தில் யாரும் கேட்கப்போவதில்லை, நானூறு பேர் வந்தால் கேட்டுத்தானே ஆகவேண்டும். நீங்கள் வரவேண்டும் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஞாயிறே தொடங்கலாம். பக்கத்துக் கல்லூரி மைதானத்திலோ பள்ளி மைதானத்திலோ ஏதாவது ஓர் ஆட்டம் நிச்சயம் இருக்கும். காலை ஒன்பதரைக்கெல்லாம் முதல் பந்து. லீக் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடையாது, வாசலில் தண்ணீர் பாட்டிலை யாரும் பிடுங்க மாட்டார்கள், நிறையவே எடுத்து வாருங்கள். தொப்பி அவசியம். சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு அணிக்காரர்களும் ஒரே குழாயில் கை கழுவுவார்கள், அப்போது நல்லா ஆடினவனிடம் போய் நல்லா ஆடினாய் என்று சொல்லுங்கள். மஞ்சள் சட்டையிலேயே வரலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும், சைட் ஸ்கிரீன் பக்கமாக உட்காராதீர்கள். மட்டையாளர் கையைத் தூக்குவார், அம்பயர் அங்கிருந்தே கத்தி எழுப்பிவிடுவார்.

இப்படிக்கு,
கே ஸ்டாண்டில் உங்களுக்குப் பின்வரிசையில் உட்காரும் ஒருவன்